வச்சவன் ஊத்துவானா?

'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அதை எப்போது சொல்வோம்? பெண்ணுக்கு வரன் அமையாதபோது சொல்வோம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டால், தோளில் தட்டிச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். கேட்கிறவருக்குக் கொஞ்சம் ஆறுதல். சொல்கிறவருக்குச் செலவே இல்லை!

இந்த வாரம் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா? மரத்தை வைத்தவன் மேலே இருக்கிறான், சரி. உங்கள் மொட்டை மாடியில் அந்தப் பூந்தொட்டியை வைத்தவர் யார்? நீங்கள்தானே. அப்படியானால் பழமொழிப்படி தண்ணீர் ஊற்ற வேண்டியவரும் நீங்கள்தான். ஊற்றுகிறீர்களா? ஊற்றினால் மட்டும் போதுமா?

சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. நாமாக விரும்பிக் கொண்டுவந்த ஓர் உயிர், நம் இடத்தின் வெயில் தாங்காமல் வாடினால், நாம் அதற்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தத்துவப் பேராசிரியர் அல்ல. கள்ளக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊட்டிக்குப் போன மகள், அம்மாவுக்காக மூன்று ஜெரேனியம் செடிகளை வாங்கிவந்தாள். டிசம்பரில் வந்த செடிகள். தை, மாசியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்தன. சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். பங்குனி பிறந்தது. பூ சிறுத்தது. இலை ஓரம் மஞ்சளடித்தது. சித்திரையில் மூன்றும் தலை தொங்கிப்போய் நின்றன.

டீச்சர் கேட்டது இதுதான்: "இங்க வாழ முடியாத ஒண்ணை, என் கண்ணுக்கு அழகா இருக்கணும்னு இங்க வெச்சு வாட்டுறேனே, இது பாவம் இல்லையா?"

சிரித்துவிடாதீர்கள். நியாயமான கேள்வி அது.

முதலில் இந்தச் செடி யார், எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நாம் தொட்டியில் வைத்து ஜெரேனியம் என்று அழைப்பது உண்மையில் பெலர்கோனியம் என்ற இனம். 1753-ல் லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது இதையும் ஜெரேனியக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். 1789-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதைத் தனி இனமாகப் பிரித்தார். விஞ்ஞானிகள் பிரித்தார்கள். சந்தைக்காரர்கள் பிரிக்கவில்லை. பழைய பெயரே நிலைத்துவிட்டது. கிரேக்க மொழியில் ஜெரேனியம் என்ற பெயருக்கு அடி, கொக்கு. பெலர்கோனியம் என்ற பெயருக்கு அடி, நாரை. பூ உதிர்ந்தபின் வரும் விதைக்காய், பறவையின் அலகு மாதிரி நீண்டு கூராக இருப்பதால் வந்த பெயர்கள்.

சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கிருந்து 17-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா போனது. அப்போது போன ஒரு வகைக்கு அங்குள்ளவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'இந்திய ஜெரேனியம்'! இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் தென்னாப்பிரிக்கக் கரையில் நின்று போகும். கப்பல் வந்த திசையைப் பார்த்துச் செடிக்கு ஊர் சொல்லிவிட்டார்கள். நம் ஊருக்கே வராத செடிக்கு நம் ஊர் முத்திரை. பின்னால் அது நிஜமாகவே நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாசனை எண்ணெய்க்காக இதன் உறவுச் செடியைப் பயிர் செய்திருக்கிறார்கள். தொட்டி வகை, மலை ஊர்களின் ஜன்னல்களிலும் பூங்காக்களிலும் இடம்பிடித்தது. அங்கிருந்து காரின் பின்சீட்டில் ஏறிச் சமவெளிக்கும் இறங்கிவிட்டது.

பிரச்னை இங்கேதான். பகலில் 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். 30-ஐத் தாண்டினால் முணுமுணுக்கும். அதற்கு மேல் போகப் போக மொட்டு விடுவதை நிறுத்திக்கொள்ளும். கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயில் 40-ஐத் தொடும்.

டீச்சருக்கு யோசனை சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஓசியில் கிடைப்பது அதுதானே!

பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "இந்த வெளிநாட்டுச் செடியெல்லாம் நமக்கெதுக்கு டீச்சர்? பிடுங்கிப் போட்டுட்டு நம்ம ஊர் நித்தியகல்யாணி வைங்க. காகிதப்பூ வைங்க. வெயிலுக்கு அசையாது."

நல்ல மனசோடு சொன்ன யோசனை. ஆனால் நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர். காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த அம்மாவின் சமையலறைக்குள் போனால் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கள்ளக்குறிச்சி வயல்களில் நிற்கும் மரவள்ளியும் மக்காச்சோளமும் அதே கண்டத்து உறவுக்காரர்கள்தான். அவற்றைப் பிடுங்கிப் போட்டால் மாவட்டமே பட்டினி கிடக்கும்.

மனிதர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்? மேற்கே தெரிகிற கல்வராயன் மலையைப் பாருங்கள். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் மலையாளி. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை. இன்றைக்கு அந்த மலையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? வந்தவர்கள்தான் மண்ணின் மக்களாகிறார்கள். கொஞ்சம் காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எனவே 'வெளியூர்ச் செடி' என்பது ஒரு குற்றமே இல்லை. அதற்காக ஒன்றைப் பிடுங்கி எறிவது நியாயமும் இல்லை. இந்தச் செடி தானாக நம் வீட்டுக்கு நடந்து வரவில்லை. நாம் கூப்பிட்டு வந்தது. விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு, 'உனக்கு எங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கலையா, அப்ப கிளம்பு' என்று சொல்லலாமா?

இரண்டாவது யோசனை நர்சரிக்காரருடையது. "டீச்சரம்மா, இதுக்கெல்லாம் கவலைப்படலாமா? சீசன் முடிஞ்சா தூக்கிப் போட்டுடணும். கார்த்திகைக்கு புதுச் செடி வந்துடும். நானே தரேன்."

வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது சரி. குளிர் நாடுகளிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பனி விழுந்ததும் குப்பைக்குப் போகும், வசந்தத்தில் புதிது வரும். ஆனால் ஜெரேனியம் ஒரு பருவத்தில் ஆயுள் முடிகிற செடி அல்ல. பேணினால் பல வருஷம் இருக்கும். தண்டு முற்றி, மரம்போல் இறுகி, ஒவ்வொரு வருஷமும் பூக்கும். நாம் ஒரு சீசனோடு அதன் கதையை முடிப்பது, அதற்கு ஆயுள் இல்லை என்பதால் அல்ல. நமக்குப் பொறுமை இல்லை என்பதால்.

பூ வாங்குகிறோமா, செடி வாங்குகிறோமா? யோசித்துப் பாருங்கள். பூதான் வேண்டுமென்றால் பூக்கடையில் வாங்கி ஜாடியில் வைக்கலாம். இரண்டு நாள் கழித்து வீசினால் யாரும் கேட்கப்போவதில்லை. செடி வாங்கினால் பூக்காத நாட்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். ரசீதில் அதை எழுதித் தருவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, டீச்சர் தானாகச் செய்துபார்த்தது. பாசம். செடி வாடுகிறதா, ஊற்று தண்ணீர்! காலையில் ஒரு சொம்பு. மதியம் தலை தொங்கினால் இன்னொரு சொம்பு. சாயங்காலம் மனசு கேட்காமல் மூன்றாவது சொம்பு. வெள்ளைப்பூச் செடியின் அடித்தண்டு ஒரு வாரத்தில் கறுக்கத் தொடங்கியது.

கோடையில் ஜெரேனியம் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல. வீட்டுக்காரரின் பாசத்தால்!

ஏன் என்று பார்ப்போம். மதிய வெயிலில் இலை விடுகிற நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாது. அதனால் இலை துவளும். மண்ணில் ஈரம் இருந்தாலும் துவளும். வெயில் இறங்கியதும் தானாக நிமிர்ந்துவிடும். அது நோய் இல்லை, மதியத் தூக்கம் மாதிரி. அந்த நேரத்தில் பதறிப்போய் ஊற்றினால், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண் சேறாகும். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். சேற்றில் காற்று கிடையாது. வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை இன்னும் வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம்!

அப்புறம் எப்படித் தெரிந்துகொள்வது? விடிகாலையில் போய்ப் பாருங்கள். காலையில் நிமிர்ந்திருந்தால் மதிய வாட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையிலும் வாடியிருந்தால், விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் கேட்கிறது. ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேரில் கோளாறு. தண்ணீரை நிறுத்துங்கள். ஒரே வாட்டம், இரண்டு காரணம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் செடி மட்டும்தான் நினைவுக்கு வருகிறதா?

கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்து அடுக்குமாடியின் மூன்றாவது தளத்துக்கு நாம் அழைத்துவந்த அப்பா இருக்கிறார். 'ஏசி போட்டுக் கொடுத்தோம், டிவி வாங்கி வெச்சோம், மூணு வேளை சாப்பாடு. இன்னும் என்னதான் குறை, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார்?' என்று கேட்கிறோம். அவருடைய வாட்டம் சாயங்காலத்தில் சரியாகிற வாட்டமா, வேரில் இருக்கிற வாட்டமா என்று விடிகாலையில் போய்ப் பார்த்திருக்கிறோமா? அவருக்குத் தேவை நாலாவது வேளைச் சாப்பாடு இல்லை. பேசிக்கொண்டு உட்கார ஒரு திண்ணை. அது புரியாமல் சாப்பாட்டை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால், நாம் அவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. 'நான் நல்ல பிள்ளை' என்ற நம் எண்ணத்தைத்தான் பார்த்துக்கொள்கிறோம்.

பாசம் நல்லதுதான். எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்ற அறிவு அதோடு சேர வேண்டும். சேராவிட்டால் மூன்றாவது சொம்புத் தண்ணீர்தான்.

டீச்சர் அதன்பிறகு அறிவைத் தேடிப் போனார். அவர் செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கோடைக்கு உதவும்.

முதலில் இடத்தை மாற்றினார். காலை வெயில் பத்து, பத்தரை மணிவரை படுகிற கிழக்குப் பக்கம். அதன்பிறகு நிழல். கிழக்குப் பக்கம் இல்லாதவர்கள் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம். மொட்டை மாடித் தரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரியெல்லாம் உமிழும். அதனால் தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தார். செடிகளைத் தனித்தனியாக விடாமல் நெருக்கி வைத்தார். ஒன்றுக்கொன்று நிழல்.

அடுத்தது தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் சூட்டை இழுத்து வேரை வேகவைக்கும். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும். உள்ளே குளிர்ச்சி. நம் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிற அதே சூத்திரம்! ஆனால் ஒன்று. கொளுத்துகிற கத்திரியில் தொட்டி மாற்றாதீர்கள். செடிக்கு அது ஆபரேஷன் மாதிரி. தை, மாசியிலேயே செய்துவிட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சமமாகக் கலந்து, அடியில் ஓட்டை அடைக்காமல் ஓட்டுச்சில்லு போட்டு வைத்தால் போதும்.

தண்ணீர் காலையில்தான். இலைமேல் தெளிக்காமல் மண்ணில், அடியில் வழிந்து வரும்வரை. வழிந்த நீர் தட்டில் தேங்கினால் கொட்டிவிட வேண்டும். அடுத்த தண்ணீர், மேல் மண் காய்ந்தபிறகு.

உரத்தைக் கோடையின் உச்சத்தில் நிறுத்திவிட வேண்டும். ஜுரத்தில் கிடக்கிறவருக்கு யாராவது பிரியாணி போடுவார்களா?

வாடிய பூக்கொத்தை அதன் காம்பு தண்டில் சேரும் இடத்தில் பிடித்து ஒடித்துவிட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செடி பூப்பது நமக்காக இல்லை. விதை வைக்க. விதை வைத்துவிட்டால் 'வந்த வேலை முடிந்தது' என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். காயாகும் முன் நாம் கிள்ளிவிடுவதால், 'இன்னும் வேலை முடியவில்லை' என்று மறுபடி மொட்டு விடும். கறாராகச் சொன்னால் நாம் அதை ஏமாற்றுகிறோம். நிறையப் பூ பார்க்கிற ஆசையில் நாம் செய்கிற சின்ன மோசடி. இதில் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். ஆனால் பூவைப் பார்த்து, 'எனக்காகவே பூத்திருக்கு பாரு' என்று பெருமைப்படும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு அந்தக் கடைசி விஷயம். டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும். அந்த நாட்களில் தப்பித்தவறி மொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிட்டார்.

"பூக்கிற மொட்டையா கிள்ளச் சொல்றீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். செடி தன் கையிருப்பில் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் பூ என்பது கடன் வாங்கிச் செய்கிற கல்யாணம். இருக்கிற தெம்பு வேருக்கும் இலைக்கும் போகட்டும். கத்திரியில் பூக்காத செடி ஆடி, ஆவணியில் பூக்கும். கத்திரியிலும் பூத்தே தீர வேண்டும் என்றால் ஆடியில் செடியே இருக்காது.

'கோடை முழுக்கப் பூத்துக் குலுங்க வைப்பது எப்படி?' என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. ஆனால் எல்லாக் காலத்திலும் பூக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா என்பதும் ஒரு கேள்விதானே? ஊட்டியில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறதென்றால், அங்கே மே மாதம் பூக்கிற மாதம். கள்ளக்குறிச்சியில் அது பிழைத்திருக்கிற மாதம்.

நம் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். முழுப்பரீட்சை முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. 'சம்மர் கோச்சிங்' அனுப்பிவிடுவோம். காலையில் அபாகஸ், மாலையில் நீச்சல், நடுவில் அடுத்த வருஷப் பாடம். பூத்துக்கொண்டே இரு! ஒரு மாதம் சும்மா இருந்தால் பிள்ளை வீணாகிவிடும் என்று பயம். சும்மா இருப்பதுபோல் தெரிகிற அந்த மாதத்தில்தான் வேர் இறங்குகிறது என்பதைத் தொட்டிச் செடி சொல்லிக்கொடுக்கிறது.

இதற்குள் சிலருக்கு ஒரு கோபம் வந்திருக்கும். நியாயமான கோபம். 'கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடக்கிற நாட்டில், அழகுக்கு வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று ஒரு கட்டுரையா?'

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தண்ணீர் ஊற்றுவது ஒரு தர்மம் என்றால், யாருடைய தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதும் அந்தத் தர்மத்துக்குள் அடக்கம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற தெருவில் ஹோஸ் பைப் பிடித்துப் புல்தரையை நனைப்பது அழகு ரசனை இல்லை, திமிர். ஆனால் ஜெரேனியம் புல்தரை இல்லை. வறண்ட பூமியின் பிள்ளை. ஒரு நடுத்தரத் தொட்டிக்குக் கோடையில் ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அதுவும் அரிசி கழைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் போதும். சோப்பும் உப்பும் கலக்காததாகப் பார்த்துக்கொண்டால் சரி. டீச்சர் வீட்டில் மூன்று தொட்டிக்கும் குழாயைத் திறக்கவே இல்லை. சமையலறைச் சாக்கடைக்குப் போக இருந்தது வேருக்குப் போனது.

இது ஒரு நல்ல அளவுகோல். நம் அழகு ஆசைக்கு நம் பங்கிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோமா, அடுத்தவர் பங்கிலிருந்து எடுக்கிறோமா? முதலாவது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டாவது என்றால் எவ்வளவு பூத்தாலும் அந்தப் பூவில் ஒரு கறை இருக்கும்.

செடிக்கு இரக்கப்பட்டவர் என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் பாரி. பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்துபோன வள்ளல். பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். 'ஒரு குச்சியை நட்டால் போதாதா?' என்று குறும்பு மாணவர்கள் கேட்பதும் உண்டு. வள்ளலுக்குக் கணக்குத் தெரியாது என்பதுதான் அதற்குப் பதில்.

ஆனால் பாரியைப் பற்றிப் பேசும் நாம் கபிலரை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பாரியின் நண்பர், புலவர். மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள். பாரி மறைந்தான். அவனுடைய இரண்டு பெண்களும் அநாதையானார்கள். கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மலையிறங்கினார். ஒரு குறுநில மன்னனிடம் போனார். 'இவர்களை ஏற்றுக்கொள்' என்று கேட்டார். கிடைக்கவில்லை. இன்னொருவனிடம் போனார். அங்கும் இல்லை. மன்னர்களைப் பாடிப் பரிசு பெற வேண்டிய புலவர், வேரோடு பெயர்க்கப்பட்ட இரண்டு பெண்களுக்கு ஒரு மண் தேடி ஊர் ஊராக அலைந்தார்.

அந்தக் கதை முடிகிற இடம் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருக்கோவிலூர். தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிற பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியின் மகளை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டு, கபிலர் உயிர் நீத்த இடம் என்பது நம்பிக்கை. அவர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது இலக்கிய மரபு. தீயில் இறங்கினார் என்கிறது, திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. எப்படி இறந்தார் என்பதில் வேறுபாடு உண்டு. பெண்களைக் கரைசேர்த்த பிறகுதான் இறந்தார் என்பதில் வேறுபாடு இல்லை.

பாரி செய்தது ஒரு நாள் காரியம். ஒரு கணத்தில் மனம் பொங்கியது, தேரைக் கொடுத்தான். மகத்தான காரியம்தான், மறுக்கவில்லை. தேர் நின்ற இடத்தில் மறுநாள் அந்த முல்லைக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்வதில்லை. கபிலர் செய்தது தினசரிக் காரியம். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர். இன்று ஒரு மறுப்பு, நாளை இன்னொரு மறுப்பு. விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

நம்மில் பலருக்குப் பாரியாக இருப்பது சுலபம். உணர்ச்சிவசப்பட்ட ஒரு நாளில் நாய்க்குட்டியைத் தூக்கிவருவோம். 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம்' என்று மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு அழைத்துவருவோம். செடி வாங்குவோம். வாங்குகிற நாள் நன்றாகத்தான் இருக்கும். தொட்டிச் செடி நம்மிடம் தேர் கேட்பதில்லை. மே மாதம் இருபதாம் தேதி காலை ஆறரை மணிக்கு வந்து மண்ணில் விரல் வைத்துப் பார்க்க ஓர் ஆள் கேட்கிறது. அதற்குக் கபிலர்தான் வேண்டும்.

டீச்சர் கதைக்கு வருகிறேன். அவருடைய பழைய மாணவி ஒருத்திக்கு வீடு வெள்ளிமலையில். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வருகிற கல்வராயன் மலை ஊர். டீச்சரைப் பார்க்க வந்தவள் செடிகளைப் பார்த்தாள். "ஒண்ணை எங்கிட்ட குடுங்க டீச்சர். எங்க திண்ணையில வெச்சுக்கிறேன். மழை வந்ததும் எடுத்துக்குங்க" என்றாள்.

இது சரியான யோசனைதான். ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளைக்காரர்கள் கோடையில் சென்னையிலிருந்து கோப்புகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான். கவர்னர் போகலாம் என்றால் செடி போகக்கூடாதா?

இருந்தும் டீச்சர் தயங்கினார். எது தயங்க வைத்தது என்று அவரே சொன்னார்: "அங்க போய் அது நல்லாப் பூத்துடுச்சுன்னா, எனக்குத் தெரியாதே!"

இதைவிட உண்மையாக ஒருவர் பேச முடியாது. செடி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். 'என் கண்ணெதிரில் நன்றாக இருக்க வேண்டும்' என்பதும் அதற்குள் ஒளிந்திருந்தது. இரண்டும் ஒன்றாகப் போகிறவரை நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பிரிகிற நாளில்தான் தெரியும். வெளியூரில் நல்ல வேலை கிடைத்த மகனை வழியனுப்பும் அம்மாவுக்கு அது தெரியும்.

கறுத்த தண்டோடு போராடிய வெள்ளைப்பூச் செடி ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது. அதன் நுனியில் நோய் தொடாத பச்சைக் கொழுந்தை, நாலு அங்குலத்துக்கு டீச்சர் வெட்டிவைத்திருந்தார். வெட்டிய முனை ஆறும்வரை நிழலில் போட்டு, பிறகு ஈர மணலில் நட்ட குச்சி. வேர்விட்டிருந்தது. மாணவியிடம் கொடுத்தனுப்பியது அந்தக் கன்றை. சிவப்பையும் இளஞ்சிவப்பையும் கிழக்குத் திண்ணையில் தானே வைத்துக்கொண்டார்.

கத்திரி முழுக்க அவை இரண்டும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. பத்துப் பதினைந்து இலையோடு சும்மா நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் 'என்ன டீச்சர், பூவே இல்லாத செடிக்குப் போய் இவ்வளவு பாடுபடறீங்க' என்றார்கள். ஆடியில் இரண்டு மழை பெய்தது. கணுவில் கணுவில் புது இலை. ஆவணி முதல் வாரம் சிவப்புச் செடியில் ஒரு கொத்து. மலைக்குப் போன கன்றை டீச்சர் திரும்பக் கேட்கவில்லை. "அது அங்கயே இருக்கட்டும். அதுக்கு அந்த இடம் புடிச்சுப்போச்சு" என்கிறார்.

பாவமா இல்லையா என்ற அவருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முயலலாம். தனக்குப் பழகாத இடத்துக்கு ஓர் உயிரைக் கொண்டுவருவது அதனாலேயே பாவமாகிவிடாது. அப்படிப் பார்த்தால் நாம் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். கொண்டுவந்த பிறகு அதன் தேவையைக் கற்றுக்கொள்ள மறுப்பது பாவம். நமக்குப் பிடித்த காலத்தில் நமக்குப் பிடித்த அளவு பூக்கச் சொல்வது பாவம். பூக்கவில்லை என்றதும் கைவிடுவது பெரிய பாவம். நம்மால் முடியவே முடியாது என்று தெரிந்தால், முடிகிற ஒருவர் கையில் ஒப்படைப்பது பாவமல்ல. அதுவும் ஒரு வகைத் தண்ணீர்தான்.

இன்னொன்றும் உண்டு. அடுத்தமுறை மலைப்பிரதேசத்துக்குப் போய், சாலையோரக் கடையில் பூத்துக் குலுங்குகிற தொட்டியைப் பார்த்து, 'எவ்வளவுங்க?' என்று கேட்பதற்கு முன், ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் ஊர் மே மாதத்தையும், உங்கள் வீட்டில் காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். லீவுக்கு நீங்கள் ஊருக்குப் போகும் பத்து நாளும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் யோசியுங்கள். பதில் இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். இல்லையென்றால் அதைக் கண்ணாலே பார்த்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.